நூறு வருஷத்துக்கு முன்னாடி சிகாகோ: சாதாரண ஜனம் எப்படி வாழ்ந்துச்சு?

வடகரைவாசி:
சிகாகோவோட பழைய கதைன்னு பேச்செடுத்தாலே எல்லாரும் நேரா அல் கபோன், கள்ளச்சாராயம், துப்பாக்கிச் சண்டைன்னு போயிடறாங்க. 1920 சென்சஸ்ல அந்த ஊர் ஜனத்தொகை 27 லட்சம். அத்தனை பேரும் காலைல எந்திரிச்சு எந்தத் தண்ணியக் குடிச்சாங்க, குளிருக்கு எதை எரிச்சாங்க, வேலைக்கு எதுல போனாங்க, ராத்திரி ஜன்னலைத் திறந்தா என்ன வாடை வந்துச்சு, எனக்கு அதுதான் தெரியணும். நான் இருக்கறது வடக்குப் பக்கம் ஒரு டூ ஃப்ளாட்ல, கீழ ஒரு குடும்பம் மேல ஒரு குடும்பம்னு இருக்கற செங்கல் கட்டடம், பின்னாடி சந்து, சந்துல கராஜ். இந்த மாதிரி வீடு ஊர் பூரா ஆயிரக்கணக்குல இருக்கு, அதுக்குள்ள யார் இருந்தாங்கன்னு யாரும் பேசறதில்ல.

ஆரம்பிச்சு வைக்கறேன். கதவு நம்பர். 1909 செப்டம்பர் 1ம் தேதி சிகாகோல கிட்டத்தட்ட எல்லா வீட்டு நம்பரும் ஒரே நாள்ல மாறிடுச்சு. நகர மையத்துக்கு மட்டும் 1911 ஏப்ரல்ல மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி ஒரு லெட்டர் போய்ச் சேர்றதே பெரும்பாடு. இதப் பத்தித் தெரிஞ்சவங்க விரிவா எழுதுங்க.

கதவுஎண்:
நல்ல இடத்துல தொட்டீங்க சார். பிரச்சனை எங்க ஆரம்பிச்சதுன்னா 1889ல. அந்த வருஷம் சிகாகோ சுத்துப்பட்டு ஊரெல்லாம், ஹைட் பார்க், லேக் வியூ, ஜெஃபர்சன், லேக்னு எல்லாத்தையும் தன்னோட சேத்துக்கிச்சு. ஒவ்வொரு ஊர்லயும் ஏற்கனவே தெருப்பேர் இருந்துச்சு, வாஷிங்டன், லிங்கன்னு அதே பேருங்கதான், நம்பர் எங்கேர்ந்து ஆரம்பிக்குதுங்கறதும் ஊருக்கு ஊர் வேற. வடக்குல ஆத்துலேர்ந்து எண்ணுவாங்க, இன்னொரு பக்கம் ஏரியிலேர்ந்து எண்ணுவாங்க. ஒரே பேர்ல நாலஞ்சு தெரு, ஒவ்வொண்ணுலயும் ஒரே நம்பர்ல வீடு, தீயணைப்பு வண்டிக்குத் தப்பான தெருவச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, அதுவும் 1871 பெருந்தீயில மூணுல ஒரு பங்கு ஜனம் வீடிழந்த இடம்.

இதச் சரி பண்ணினது எட்வர்ட் பிரென்னன்னு ஒருத்தர். இன்ஜினியர் கிடையாது, நகராட்சி அதிகாரியும் கிடையாது. அவங்கப்பா மளிகைக்கடை வச்சிருந்தாரு, அதுக்கு வீடு வீடா சாமான் கொண்டுபோய்க் குடுத்தவரு, அப்புறம் ஒரு இசைக்கருவி கம்பெனிக்குப் பாக்கி வசூல் பண்ணப் போனவரு. அட்ரஸ் தேடி அலையறதே பொழப்பா இருந்த ஆளு. 1901லயே திட்டத்தைப் போட்டுக் குடுத்துட்டாரு, நகர மன்றம் ஒத்துக்க 1908 ஆச்சு. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கற முனை பூஜ்யம். அங்கேர்ந்து நாலு பக்கமும் எண்ணிக்கிட்டே போகணும், ஒரு மைலுக்கு 800 நம்பர். இரட்டைப்படை தெருவோட வடக்குப் பக்கமும் மேற்குப் பக்கமும், ஒத்தைப்படை தெற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும். இன்னிக்கும் அதேதான் ஓடுது. 2400 வடக்குன்னு சொன்னா மூணு மைல்னு சிகாகோக்காரங்க யோசிக்காமலே சொல்லிடுவாங்க.

ரயிலடி:
கதவுஎண் அண்ணே, தெற்குப் பக்கம் கணக்கு முதல் மூணு மைலுக்கு வேற. மேடிசன்லேர்ந்து ஒரு மைல் போனா ரூஸ்வெல்ட் ரோடு, அது 1200. அடுத்த மைல் செர்மாக் ரோடு, 2200. அடுத்தது 31வது தெரு, 3100. அதுக்கப்புறம்தான் மைலுக்கு 800. ஏன்னா தெற்குல ஏற்கனவே 12வது தெரு, 22வது தெருன்னு எண் போட்ட தெருவுங்க இருந்துச்சு, வீட்டு நம்பரும் தெரு நம்பரும் ஒத்துப் போகட்டும்னு விட்டுட்டாங்க. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு ரூஸ்வெல்ட் ரோடு 12வது தெரு, செர்மாக் 22வது தெரு. செர்மாக்ங்கறது 1933ல குண்டடி பட்டுச் செத்த மேயர் பேரு.

அடுப்பங்கரை:
எல்லாரும் தெருவுல நிக்கறீங்க, நான் வீட்டுக்குள்ள வரேன். 1920கள்ல சாதாரண வீட்ல ஃப்ரிட்ஜ் கிடையாது, ஐஸ் பெட்டிதான். மரப்பெட்டி, உள்ள தகரம் அடிச்சிருக்கும், மேல் தட்டுல ஐஸ் கட்டி, கீழ பால், வெண்ணெய், கறி. ஜன்னல்ல ஒரு அட்டை தொங்கும், நாலு ஓரத்துலயும் 25, 50, 75, 100னு போட்டிருக்கும், எத்தனை பவுண்டு வேணுமோ அந்த நம்பர் மேல வர்ற மாதிரி திருப்பி வச்சிடணும். ஐஸ்காரர் சந்து வழியா குதிரை வண்டில வருவாரு, அட்டையப் பாத்துட்டு அந்த அளவுக்கு வெட்டி, இடுக்கில மாட்டி, தோள்ல தோல் போட்டு அது மேல தூக்கிட்டு மூணாவது மாடி வரைக்கும் பின்பக்கப் படில ஏறணும். சிகாகோ வீடுங்களுக்குப் பின்னாடி அந்த மரப்படியும் தாழ்வாரமும் இன்னிக்கும் இருக்கு பாருங்க, பால்காரர், ஐஸ்காரர், கரிக்காரர் எல்லாரும் ஏறி இறங்கின படி அது. பெட்டிக்கு அடியில சொட்டற தண்ணியத் தினம் எடுத்து ஊத்தணும், மறந்தா தரை பூரா வெள்ளம்.

அந்த ஐஸ் முன்னெல்லாம் விஸ்கான்சின், இண்டியானா பக்கம் ஏரிகள்ல குளிர்காலத்துல அறுத்து, மரத்தூள் போட்டு மூடி வச்சு, ரயில்ல வந்தது. 1920கள்ல ஃபேக்டரி ஐஸ் அதைத் தள்ளிடுச்சு. இதே மாதிரி ஏரி ஐஸ்தான் 1840கள்ல பாஸ்டன்லேர்ந்து கப்பல்ல மெட்ராஸ் வந்து இறங்குச்சு, மெரினால இருக்கற ஐஸ் ஹவுஸ் அதுக்காகக் கட்டினது. அந்தக் கட்டடத்துலதான் 1897ல விவேகானந்தர் தங்கினாரு, 1893ல சிகாகோல பேசிட்டு வந்த பிறகு.

பாலுக்கு வரேன். 1908ல சிகாகோ பாலைப் பாஸ்சரைஸ் பண்ணி, அதாவது சூடாக்கிக் கிருமியக் கொன்னுதான் விக்கணும்னு சட்டம் போட்டுச்சு, அமெரிக்காவுல பெரிய நகரங்கள்ல அதுதான் முதல். அதுக்கு முன்னாடி கோடைல பால் கெட்டுப்போய் வயித்துப்போக்குல கைக்குழந்தைங்க சாகறது வருஷா வருஷம் நடந்துச்சு. கபோனப் பத்தி எத்தனையோ எழுதறாங்க, இந்தச் சட்டத்தால பொழச்ச குழந்தைங்களப் பத்தி ஒரு வரி எழுத ஆளில்ல.

பழையபேப்பர்:
அக்கா அருமை. நான் அந்தக் காலத்து போட்டோவா சேத்துக்கிட்டே இருக்கேன். ஒரு விஷயம் மனசுல படுது. எல்லாரும் தொப்பி, கோட்டு, தெருவுல டிராம், முனைக்கு முனை கடை, நடந்தே எல்லாத்தையும் முடிச்சிருக்காங்க. அஞ்சு சென்ட் குடுத்தா ஊரோட ஒரு கோடியிலேர்ந்து மறு கோடிக்குப் போகலாம். இன்னிக்கு கார் இல்லாம ஒரு பால் பாக்கெட் வாங்க முடியல. அவங்க வாழ்க்கைதான் நல்லா இருந்துச்சுன்னு எனக்குத் தோணுது.

ரயிலடி:
டிராம் விஷயத்துல உங்க பக்கம்தான் அண்ணே. 1914ல தனித்தனி கம்பெனியெல்லாம் சேந்து சிகாகோ சர்ஃபேஸ் லைன்ஸ்னு ஒரே பேர்ல ஓட ஆரம்பிச்சுது, 3000க்கு மேல வண்டி, 1000 மைலுக்கு மேல தண்டவாளம், உலகத்துலயே பெரிய டிராம் அமைப்புல ஒண்ணு. கட்டணம் ரொம்ப நாள் அஞ்சு சென்ட், முதல் உலகப் போருக்கப்புறம் ஏறி 1920கள்ல ஏழு சென்ட். ஒரு வண்டிலேர்ந்து இன்னொண்ணுக்கு மாற சீட்டு குடுப்பாங்க, தனிக்காசு வேண்டாம். ராத்திரி பூரா ஓடற வண்டியும் உண்டு, இறைச்சித் தொழிற்சாலைக்கு விடிகாலைல போறவங்களுக்கு அதுதான் கதி. தெருவுக்கு மேல தூண்ல ஓடற எல் ட்ரெயின், நகர மையத்தைச் சுத்தற லூப் 1897ல முடிஞ்சுது.

யாருக்கும் தெரியாத இன்னொண்ணு இருக்கு. நகர மையத்துல தெருவுக்குக் கீழ, 40 அடி ஆழத்துல, ஒரு குட்டி ரயில் ஓடிட்டு இருந்துச்சு. ரெண்டே அடி அகலத் தண்டவாளம், சுமார் 60 மைல் சுரங்கம், கிட்டத்தட்ட ஒவ்வொரு தெருவுக்கும் அடியில. ஆள் ஏத்தறதில்ல. பெரிய கட்டடங்களோட கொதிகலனுக்கு நிலக்கரி கொண்டுபோகும், திரும்பும்போது சாம்பலை அள்ளிட்டு வரும், கடைச் சரக்கும் ஏத்தும். தோண்டின மண்ணை ஏரிக்கரைல கொட்டினாங்க, இன்னிக்கு கிராண்ட் பார்க்ல கொஞ்சம் அந்த மண்ணுதான். சுரங்கத்துக்குள்ள வருஷம் பூரா ஒரே குளிர்ச்சிங்கறதால அந்தக் காத்தை சில தியேட்டருங்களுக்குக் குளுமைக்கு வித்தாங்க. 1959ல மூடிட்டாங்க. 1991ல ஆத்துல பாலத்துக்குப் பக்கத்துல அடிச்ச தூண் சுரங்கச் சுவரச் சேதப்படுத்தி, 1992 ஏப்ரல்ல அது உடைஞ்சு, ஆத்துத்தண்ணி நகர மையத்துக் கட்டடங்களோட அடித்தளம் பூரா புகுந்துச்சு. மேல தெருவுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, கீழ வெள்ளம். எல்லாரும் மறந்துபோன ஒரு கரி ரயில் அன்னிக்கு மொத்த ஊர் வேலையையும் நிறுத்திடுச்சு.

தெக்கத்தியான்:
பழையபேப்பர் ஐயா, கோவிச்சுக்காதீங்க, ஆனா போட்டோல வாடை தெரியாது. நான் ஸ்டாக் யார்ட்ஸ் பத்தி எழுதறேன்.

யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் திறந்தது 1865 கிறிஸ்துமஸ் அன்னிக்கு. கடைசியா 1971ல மூடுச்சு. 400 ஏக்கருக்கு மேல பட்டி, பட்டிக்குள்ள மாடு, பன்னி, ஆடு, பக்கத்துலயே ஆர்மர், ஸ்விஃப்ட் கம்பெனிங்களோட வெட்டுக்கூடம். உச்சத்துல 40,000 பேருக்கு மேல வேலை. கொக்கில தொங்கவிட்ட உடம்பு நகந்துட்டே வரும், ஒவ்வொரு ஆளும் நின்ன இடத்துல ஒரே ஒரு வெட்டு மட்டும் போடணும். வரிசை வேகம் முதலாளி கையில. ஒரு உறுப்பையும் வீணாக்கல, கொழுப்புல சோப்பு, எலும்புல பித்தான், குளம்புல பசை, ரத்தத்துல உரம், குடல்ல வயலின் தந்தி. அந்தத் தொழிற்சாலையெல்லாம் அங்கேயேதான். உரக்கூடத்துல வேலை பாத்தவன் பக்கத்துல டிராம்ல யாரும் உக்கார மாட்டாங்க, எத்தனை குளிச்சாலும் போகாது.

வேலை நிரந்தரம் இல்ல. விடிகாலைல கேட்டு முன்னாடி கும்பலா நிக்கணும், கம்பெனி ஆள் வந்து கையக் காட்டி நீ வா, நீ வான்னு எடுப்பான், மிச்சப்பேர் வீட்டுக்குத் திரும்பணும். வந்திருக்கற மாட்டு எண்ணிக்கையப் பொறுத்துத்தான் அன்னிக்குக் கூலி. முதல்ல ஐரிஷ், ஜெர்மன்காரங்க, அப்புறம் போலந்து, லித்துவேனியா, ஸ்லோவாக், அதுக்கப்புறம் தெற்கு மாநிலங்கள்லேர்ந்து வந்த கறுப்பின மக்கள், மெக்சிகோக்காரங்க. 1904லயும் 1921 கடைசிலயும் பெரிய ஸ்ட்ரைக் நடந்து ரெண்டுமே தோத்துச்சு.

வெட்டுக்கூடத்துக் கழிவு போனது சிகாகோ ஆத்தோட ஒரு கிளைக்கு. அதுக்கு பப்ளி கிரீக்னு பேரு, ஏன்னா அடியில அழுகற கொழுப்பும் ரத்தமும் வாயுவாகி மேல குமிழ் குமிழா வந்துட்டே இருக்கும். சில இடத்துல மேல ஆடை கட்டி, கோழி நடந்து போகற அளவுக்குக் கெட்டியா இருந்துச்சுன்னு எழுதி வச்சிருக்காங்க. அதே ஏரியாவுல செங்கலுக்கு மண்ணெடுத்த குழிங்கள்ல ஊர்க் குப்பையைக் கொட்டினாங்க. பணக்காரங்க இருக்கற பகுதிக் குப்பையும் அங்கதான் வந்துச்சு. குழந்தைங்க அதுல பொறுக்கிட்டு நிக்கும்.

மேரி மெக்டவல்னு ஒரு அம்மா 1894லேர்ந்து அங்கேயே குடியிருந்து இதுக்காகச் சண்டை போட்டாங்க. ஐரோப்பா போய் அங்க நகரங்கள் குப்பைய என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு வந்து, படம் போட்டுக் காட்டி ஊர் ஊரா பேசினாங்க. குப்பையம்மான்னே அவங்களுக்குப் பேராயிடுச்சு. 1913ல இல்லினாய்ல பெண்களுக்கு உள்ளாட்சித் தேர்தல்ல ஓட்டு கிடைச்சதும் நகர மன்றம் அசைய ஆரம்பிச்சுது. அவங்களுக்கு ஊர் நடுவுல ஒரு சிலை வைக்கலாம்.

புதுசாவந்தவன்:
அண்ணா, கழிவெல்லாம் ஆத்துக்குப் போகுது, ஆறு ஏரிக்குப் போகுது, குடிதண்ணி ஏரியிலேர்ந்து வருது. அப்ப என்னத்தக் குடிச்சாங்க?

கதவுஎண்:
தம்பி சரியான கேள்வி. அதனாலதான் ஆத்தையே திருப்பினாங்க. 28 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி 1900 ஜனவரில திறந்தாங்க, ஏரிக்குப் போயிட்டிருந்த ஆறு அன்னிலேர்ந்து ஏரிய விட்டு விலகி மிசிசிப்பி பக்கம் ஓடுது. கீழ இருக்கற செயின்ட் லூயிஸ்காரங்க உங்க கழிவு எங்க குடிதண்ணிக்கு வருதுன்னு பதறினாங்க, மிசௌரி மாநிலம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் கேஸ் போட்டு 1906ல தோத்துப்போச்சு. குடிதண்ணி எடுக்கறது கரைலேர்ந்து மைல் கணக்குல தள்ளி ஏரிக்கு நடுவுல கட்டின கல் மேடைலேர்ந்து, ஏரிக்கு அடியில சுரங்கம் போட்டு. அப்புறம் 1910கள்ல குளோரின் போட ஆரம்பிச்சாங்க. இதெல்லாம் சேந்து டைஃபாய்டு சாவு அடியோட குறைஞ்சுது. 1890கள் ஆரம்பத்துல டைஃபாய்டுக்குப் பேர் போன ஊர் அது.

ஆனா தெக்கத்தியான் சொன்ன பப்ளி கிரீக் இந்தத் திருப்பத்துலயும் பொழைக்கல. மெயின் ஆறு ஓட ஆரம்பிச்சாலும் அந்தக் கிளை தேங்கித்தான் கிடந்துச்சு. பணம் செலவு பண்ணினது எல்லாருக்கும், வாடை மட்டும் அந்தப் பேட்டைக்குன்னு ஆயிடுச்சு.

பழையபேப்பர்:
தெக்கத்தியான் தம்பி, கோவம் எதுக்கு, நீங்க எழுதினதையெல்லாம் ஏத்துக்கறேன். ஆனா என் பேச்சை விடமாட்டேன். அதே ஸ்டாக் யார்ட்ஸ் பக்கத்துல டேவிஸ் ஸ்கொயர், ஷெர்மன் பார்க், கார்னெல் ஸ்கொயர்னு 1905 வாக்குல பூங்கா கட்டினாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஃபீல்டு ஹவுஸ், உள்ள உடற்பயிற்சிக் கூடம், ஷவர், நூலகம், கூட்டம் போட ஹால், வெளிய நீச்சல் குளம், எல்லாமே இலவசம். குளிக்க வீட்ல வசதி இல்லாதவன் அங்க போய்க் குளிச்சான். அமெரிக்காவுல மத்த ஊர் பலதும் இதப் பாத்துத்தான் கட்டுச்சு. ஏழை இருக்கற இடத்துலதான் நல்ல கட்டடம் வேணும்னு அந்த ஊர் ஒரு காலத்துல நினைச்சிருக்கு. நான் ஏங்கறது அதுக்குத்தான், தொப்பிக்கும் கோட்டுக்கும் இல்ல.

அப்புறம் வீடு. போலந்து, செக் ஜனங்க தங்களுக்குள்ளேயே கட்டடக் கடன் சங்கம் வச்சிருந்தாங்க, நம்ம ஊர் சீட்டு மாதிரி வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா கட்டி, முறை வர்றப்ப கடன் வாங்கி வீடு கட்டிக்கிறது. சர்ச் ஹால்லயோ சாராயக்கடைப் பின்னறையிலயோ கூட்டம் நடக்கும், கணக்கெல்லாம் அவங்க மொழியில. இங்கிலீஷ் தெரியாத வெட்டுக்கூடத் தொழிலாளி சொந்தமா ஒரு டூ ஃப்ளாட் கட்டி, மேல் வீட்டு வாடகைல கடனை அடைச்சிருக்கான். 1910லேர்ந்து 1940க்குள்ள சிகாகோல சுமார் 80,000 செங்கல் பங்களா, அங்க பங்களான்னா சின்னத் தனி வீடுதான், எழும்பியிருக்கு, அதுல பாதி வேர்வை இந்த மாதிரி ஆளுங்களோடது.

தென்பக்கத்துப்பெண்:
படிச்சிட்டே வந்தேன், எல்லாம் நல்லா இருக்கு, ஆனா அந்த வீடு, அந்தப் பூங்கா எல்லாருக்கும் கிடைச்சதான்னு ஒருத்தரும் கேக்கல. நான் தெற்குப் பக்கத்துல கறுப்பின மக்களோட பழைய பேட்டையான ப்ரான்ஸ்வில் பக்கம்தான் வேலை பாக்கறேன், அதனால இத எழுதியே ஆகணும்.

1910ல சிகாகோல கறுப்பின மக்கள் 44,000 பேர். 1920ல 1,09,000. 1930ல 2,33,000க்கு மேல. எப்படி வந்தாங்கன்னா, ராபர்ட் அபட் 1905ல ஆரம்பிச்ச சிகாகோ டிஃபெண்டர் பத்திரிகை தெற்கு மாநிலங்களுக்குப் போச்சு. ரயில்ல வேலை பாத்த கறுப்பினப் போர்ட்டருங்கதான் கட்டுக் கட்டா எடுத்துட்டுப் போய்க் குடுத்தாங்க. ஒரு பிரதிய முடிதிருத்தற கடைலயும் சர்ச்லயும் சத்தமா வாசிப்பாங்க, பத்துப் பேர் கேப்பாங்க. வேலை இருக்கு, வாங்கன்னு அதுல எழுதியிருக்கும். இல்லினாய் சென்ட்ரல் ரயில்ல மிசிசிப்பிலேர்ந்து ஏறினா 12வது தெரு ஸ்டேஷன்ல இறங்கலாம். இறங்கினவங்களுக்கு ஸ்டேட் தெருவ ஒட்டின ஒரு நீளமான குறுகலான பட்டையிலதான் வீடு. அதுக்கு வெளிய போனா குண்டு. சும்மா சொல்லல, 1917 ஜூலைலேர்ந்து 1921 மார்ச்சுக்குள்ள 58 குண்டுவெடிப்பு, கறுப்பினக் குடும்பம் குடிவந்த வீடு, அவங்களுக்கு வித்த தரகர் வீடுன்னு பாத்துப் பாத்து. பட்டை நிறைஞ்சு வழிய வழிய வாடகை மட்டும் ஏறிட்டே போச்சு, அதே மாதிரி வீட்டுக்கு வெள்ளைக்காரங்க குடுத்ததைவிட அதிகம் குடுத்தாங்க.

1919 ஜூலை 27, ஞாயித்துக்கிழமை, கடும் வெயில். ஏரில விளையாடிட்டிருந்த யூஜீன் வில்லியம்ஸ்னு 17 வயசுக் கறுப்பினப் பையன், வெள்ளையர் தங்களோடதுன்னு வச்சிருந்த 29வது தெருக் கரைப்பக்கம் மிதந்துட்டான், கரைலேர்ந்து ஒருத்தன் கல்லெறிஞ்சான், பையன் முங்கிச் செத்தான். எறிஞ்சவனக் கைது பண்ண அங்க நின்ன போலீஸ்காரர் மறுத்துட்டாரு. அதுலேர்ந்து மூண்ட கலவரத்துல 38 பேர் செத்தாங்க, 23 பேர் கறுப்பினம், 15 பேர் வெள்ளையர், 500க்கு மேல காயம்.

மேல டிராம் பத்திப் பேசினீங்களே, அந்த டிராம் இதுல எங்க வருதுன்னு பாருங்க. வேலை முடிஞ்சு ஸ்டாக் யார்ட்ஸ்லேர்ந்து டிராம்ல திரும்பின கறுப்பினத் தொழிலாளிங்கள வண்டியிலேர்ந்து இழுத்துப் போட்டு அடிச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சு, 29ம் தேதி, டிராம்காரங்களும் எல் ட்ரெயின்காரங்களும் ஸ்ட்ரைக். இப்ப வேலைக்குப் போகணும்னா வெள்ளையர் பேட்டை நடுவுல நடந்தே போகணும். நடந்தா அடி, போகலைன்னா கூலி இல்ல. கலவரத்த ஆராஞ்ச கமிஷன் அறிக்கை 1922ல புஸ்தகமா வந்துச்சு, சார்ல்ஸ் ஜான்சன்ங்கற கறுப்பின சமூகவியலாளரோட உழைப்பு அதுல பெருசு. வீடு, வேலை, டிராம், பூங்கா, ஏரிக்கரைன்னு ஒவ்வொண்ணா போய்ப் பாத்து எழுதியிருக்காங்க. ஊர்ல எல்லாருக்கும் பொதுன்னு எழுதி வச்ச பூங்காவுல யார் விளையாட முடிஞ்சுது, யார் அடிவாங்கினான்னு அதுல இருக்கு.

பழையபேப்பர்:
அம்மா, நீங்க எழுதினதப் படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் டைப் பண்ண முடியல. அந்த அறிக்கைய நான் வாசிக்கறேன். பூங்கா கட்டின கை ஒண்ணு, கதவச் சாத்தின கை வேறன்னு பிரிச்சுப் பேச முடியாது போலருக்கு. ஆனாலும் அந்தக் கட்டடம் வேணும்னுதான் சொல்லுவேன், எல்லாருக்கும் திறந்து.

டொராண்டோ தம்பி:
நல்ல இழை. மே 1 பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே. சிகாகோவில அந்த நாளையில வாடகை ஒப்பந்தம் கனபேருக்கு ஏப்ரல் 30 ஓட முடியும், மிச்ச ஆக்களுக்கு செப்டம்பர் 30. அப்ப மே 1ம் அக்டோபர் 1ம் அரைவாசி ஊர் ஒரே நாளில வீடு மாறும். தெரு முழுக்க குதிரை வண்டில், அதில கட்டில், அடுப்பு, ஐஸ் பெட்டி, பியானோ. வண்டில்காரர் அண்டைக்கு வாய்க்கு வந்த விலை கேப்பினம். பள்ளிக்கூடத்தில பிள்ளையளும் மாறிப்போகும். காஸ், மின்சாரக் கம்பெனியளுக்கு ஒரே நேரத்தில ஆயிரக்கணக்கில இணைப்பு மாத்திற வேலை. புது வீட்டுக்கு ஏன் போவினம் எண்டால், வீட்டுக்காரர் வெள்ளையடிச்சுத் தராட்டி வெளிக்கிட்டிடுவினம், புதுசா வாறவைக்குத்தான் பெயின்ற் அடிச்சுக் குடுப்பினம். கரிப்புகையால ஒரு வருசத்திலேயே சுவர் கறுத்துப்போகும்.

அடுப்பங்கரை:
கரிப்புகைன்னு சொன்னதும் ஞாபகம் வருது. தெற்கு இல்லினாய்ல வெட்டற கரி மலிவு, ஆனா புகை ஜாஸ்தி. வீட்டுக்கு வீடு அடித்தளத்துல கொதிகலன், சந்துலேர்ந்து சரிவு வழியா கரிய உள்ள தள்ளுவாங்க. விடிகாலைல யாராவது எந்திரிச்சு சாம்பலைத் தட்டி, புதுக்கரி போட்டு, காத்து விட்டாத்தான் வீடு சூடாகும். வெளிய காயப்போட்ட துணி சாயங்காலம் சாம்பல் நிறம். ஏரிக்கரைல ஓடின இல்லினாய் சென்ட்ரல் புறநகர் ரயில் 1926ல மின்சாரத்துக்கு மாறினப்ப அந்தப் பக்கத்து அம்மாக்கள் பட்ட சந்தோஷத்த நினைச்சா எனக்கே நிம்மதியா இருக்கு.

ரயிலடி:
அக்கா, ஐஸ் பத்தி எழுதினீங்களே, அதுக்கும் சினிமாவுக்கும் ஒரு முடிச்சு இருக்கு. பாலபன் அண்ட் காட்ஸ்னு தியேட்டர் கம்பெனி, மேக்ஸ்வெல் தெருப் பக்கத்து யூதக் குடும்பத்துப் பசங்க. அதுல பார்னி பாலபன் முன்னாடி ஒரு குளிர்பதனக் கிடங்கு கம்பெனில வேலை பாத்தவரு. கறியும் முட்டையும் கெடாம வைக்கற மெஷினை தியேட்டருக்குக் கொண்டுவந்தா என்னன்னு கேட்டவங்க அவங்க. 1917ல சென்ட்ரல் பார்க் தியேட்டர்ல மெஷின் குளுமை வந்துச்சு. அதுவரைக்கும் கோடைல தியேட்டர் காத்தாடும், சில தியேட்டர் மூடியே கிடக்கும். இதுக்கப்புறம் கோடைலதான் கூட்டம். 1921ல ஸ்டேட் தெருவுல சிகாகோ தியேட்டர், 1925ல அப்டவுன் தியேட்டர் 4,381 இருக்கையோட. ஒண்டிக்குடித்தன வீட்ல புழுங்கிட்டிருந்த தாயும் புள்ளைங்களும் கொஞ்சம் காசுல ரெண்டு மூணு மணி நேரம் குளுகுளுன்னு உக்காந்துட்டு வந்தாங்க. மாட்டுக்கறிக்காக வளந்த தொழில்நுட்பம் மனுஷனுக்கும் உதவினது இப்படித்தான்.

புதுசாவந்தவன்:
ஈஸ்ட்லேண்ட் கப்பல்னு எங்க ஆபீஸ் பக்கத்துல ஆத்தோரம் ஒரு பலகை பாத்தேன். அது என்ன?

தெக்கத்தியான்:
1915 ஜூலை 24 தம்பி. சிகாகோவ ஒட்டின சிசரோல வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி, டெலிபோன் செய்யற இடம், தொழிலாளிங்க குடும்பத்தோட வருஷப் பிக்னிக் போகக் கப்பல் ஏறினாங்க. கப்பல் இன்னும் கரைலேர்ந்து கிளம்பவே இல்ல, கட்டின கயித்தோட அப்படியே சாஞ்சு கவுந்துருச்சு. 844 பேர் செத்தாங்க. கரைலேர்ந்து சில அடி தூரம், ஆழமும் 20 அடிதான். ஏற்கனவே மேல்பாரம் ஜாஸ்தியான கப்பல், டைட்டானிக்குக்கு அப்புறம் வந்த சட்டத்துக்காக உயிர்காப்புப் படகுங்கள மேல் தளத்துல கூடுதலா ஏத்தினது இன்னும் பாரமாயிடுச்சு. செத்தவங்கள்ல நெறையப் பேர் செக், போலந்து வாலிபப் பசங்க, பொண்ணுங்க. 22 குடும்பம் பூண்டோட போச்சு. கோடீஸ்வரங்க யாரும் இல்ல அந்தக் கப்பல்ல, அதனாலதான் டைட்டானிக் தெரிஞ்ச அளவுக்கு இது தெரியலன்னு நான் நம்பறேன்.

வடகரைவாசி:
நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாவே எழுதிட்டீங்க எல்லாரும். ஒரே ஒரு கேள்வி. இப்ப நாங்க இருக்கற மாதிரி ஒரு கட்டடத்தோட கதைய ஒருத்தர் தேடணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

கதவுஎண்:
1909க்கு முன்னாடி கட்டின வீடுன்னா முதல்ல பழைய நம்பரக் கண்டுபிடிக்கணும் சார், புது நம்பரும் பழைய நம்பரும் பக்கத்துல பக்கத்துல போட்ட பட்டியல் புஸ்தகம் அப்பவே அச்சடிச்சாங்க. அப்புறம் 1910, 1920, 1930 சென்சஸ் தாள். அதுல தெரு, வீட்டு நம்பர், குடியிருந்தவங்க, எந்த நாட்டுல பொறந்தாங்க, என்ன வேலை, சொந்த வீடா வாடகையான்னு எல்லாம் கைப்பட எழுதியிருக்கும். 1930 தாள்ல ரேடியோ இருக்கான்னுகூட கேட்டிருப்பாங்க. அந்த ஜனங்களோட பேப்பர் வேணும்னா, 1930கள்ல அரசு வேலைத்திட்டத்துல 22 இனத்தாரோட சிகாகோப் பத்திரிகைங்கள்லேர்ந்து செய்திகள இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து வச்சிருக்காங்க, கல்யாணம், சங்கக் கூட்டம், கடை விளம்பரம் வரைக்கும் இருக்கு.

கடைசியா சான்போர்ன் மேப். தீ இன்சூரன்ஸ் கம்பெனிங்களுக்காக ஒவ்வொரு கட்டடத்தையும் அளந்து வரைஞ்சது. மாடி எத்தனை, சந்துல குதிரை லாயம் இருக்கா, பக்கத்துல பேக்கரியா சலவைக்கடையா எல்லாம் போட்டிருக்கும். கலரப் பாத்துக்கோங்க, மஞ்சள்னா மரக்கட்டடம், இளஞ்சிவப்புன்னா செங்கல், நீலம்னா கல்லு. 1871 தீக்கப்புறம் நகர எல்லைக்குள்ள மரத்துல கட்டக் கூடாதுன்னு கட்டுப்பாடு வந்ததால, மஞ்சள் நெருக்கமா இருக்கற இடமெல்லாம் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளிய காசில்லாதவங்க கட்டின தொழிலாளி வீடுங்க. உங்க தெருவுத் தாள் கிடைச்சா இங்கேயே போடுங்க, சந்துப் பக்கம் என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்றேன்.